ஆண் மேசையா, பெண் மேசையா?

சுவிட்சர்லாந்தில் லோசான், ஜெனீவா பக்கம் பிரெஞ்சு, பெர்ன், சூரிச் பக்கம் ஜெர்மன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. ஜெர்மனில் பீல், பிரெஞ்சில் பியென். தெருப்பலகைகூட இரண்டு மொழியில்தான். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் மொழியிலேயே மற்றவரும் பேசுவது அங்கே வழக்கம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பாரிஸில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஆறு மாத ஜெர்மன் வகுப்போடு போய் இறங்கிய எனக்கு, இரண்டு மொழியிலும் அசடு வழிய அது வசதியாகிவிட்டது.

பழைய மேசை ஒன்று விலைக்கு வந்தது. போனில் ஒரு பாட்டி. சுவிஸ் பேச்சு ஜெர்மன் எனக்கு ஏறாது என்று புரிந்து, நம்ம ஊரில் மேடைத்தமிழ் பேசுகிற மாதிரி புத்தக ஜெர்மனில் நிறுத்தி நிதானமாக வீட்டு எண் சொன்னார்: "ஸீபன் உண்ட் நொய்ன்ட்ஸிக்". ஏழு காதில் விழுந்ததும் 7 எழுதினேன், ஒன்பது மாதிரி ஏதோ வந்ததும் 9 எழுதினேன். ஏழும் தொண்ணூறும் என்று ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள் என்பது வகுப்பில் படித்ததுதான், போனில் எங்கே ஞாபகம் வருகிறது!

79-ஆம் எண் வீட்டு மணியை அடித்தேன். ஒருவர் "போன்ழூர்" என்றபடி கதவைத் திறந்தார். அப்பாடா, பிரெஞ்சு! பாரிஸ் வழக்கப்படி "அறுபது-பத்து-ஒன்பது இதுதானே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு "செப்தான்த் நஃப்" என்றார். நேராக எழுபத்தொன்பது. சுவிஸ் பிரெஞ்சில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனித்தனி வார்த்தை உண்டு. பாரிஸிலோ தொண்ணூற்றேழு என்றால் நாலு-இருபது-பத்து-ஏழு, கால்குலேட்டர் வேண்டும். (நம்ம தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது என்று கேட்டால் நானும் முழிப்பேன், அது வேறு கதை.)

என் காகிதத்தைப் பார்த்தவர், "ஜெர்மன்ல சொன்னாங்களா? அப்ப திருப்பிப் போடுங்க" என்று, பாவம், 97 வரை கூடவே வந்தார்.

பாட்டியிடம் மேசையைக் காட்டி "டீ டிஷ்" என்றேன். "டேர் டிஷ்!" என்று திருத்தினார். டிஷ் என்றால் மேசை, முன்னால் டீ போட்டால் பெண், டேர் போட்டால் ஆண். பிரெஞ்சில் மேசை (லா தாப்ல்) பெண், ஜெர்மனில் ஆண், தமிழில் அஃறிணை. அப்புறம் அந்த மனிதர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "லா தாப்ல்"-ஐ இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார், பாட்டி "டேர் டிஷ்" கதவில் இடிக்கிறதென்று கத்தினார், நான் "அய்யோ, கால்!" என்று தமிழில் அலறினேன். அது மட்டும் இரண்டு பேருக்கும் உடனே புரிந்தது.