அடிப்பலகை வைத்தால் டயோராமா ஆகிவிடுமா?

ஒரு பலகை, அதன்மேல் கொஞ்சம் மண், நாலு கொத்துப் புல், நடுவில் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் சிறிய மாடல் ஒன்று. இதைப் படம் எடுத்து டயோராமா, அதாவது மாடல்களால் அமைத்த காட்சி, என்று போடுகிறார்கள். ஜீப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு டாங்கியை வைத்தாலும் அந்த மண்ணுக்கும் புல்லுக்கும் ஒன்றும் ஆகாது என்றால், மாடலுக்கு நல்ல தட்டு செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வண்டியை எடுத்தவுடன் தரையில் அதன் தடமும், பக்கத்தில் குனிந்திருப்பவனின் கையும், கழற்றிப் போட்ட சக்கரமும் அநாதையாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் அது டயோராமா. ஓரிரு உருவங்களோடு ஒரே செயலைக் காட்டும் சின்னக் காட்சியை விக்னெட் என்பார்கள். எத்தனை உருவம் வரை விக்னெட் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அந்த எண்ணிக்கைச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

சொல்லின் பிறப்பும் இதைத்தான் காட்டுகிறது. 1822-இல் பாரிஸில் டாகேர், பூத்தோன் என்ற இரு ஓவியர்கள் திறந்த டயோராமா ஓர் அரங்கம். ஒளி ஊடுருவும் பிரம்மாண்ட ஓவியத்தின்மேல் முன்னிருந்தும் பின்னிருந்தும் வெளிச்சத்தை மாற்றி, ஒரே காட்சியில் பொழுது மாறுவதைக் காட்டினார்கள். 1890-இல் அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி, பாடம் செய்த மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் எலியின விலங்குகளை அவை வாழும் சதுப்புநிலத்தோடு சேர்த்து அமைத்தார். தனியாக நிறுத்தினால் அவை வெறும் மாதிரிகள். நீரும் நாணலும் வளையும் சேர்ந்ததால் காட்சி ஆனது.

அதே ஜீப்பை வைத்தே பார்ப்போம். அளவு 1/35, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. காட்சி: சேற்றுப் பாதையில் பஞ்சர், இரண்டு சிப்பாய்கள் பின்சக்கரம் மாற்றுகிறார்கள். 3.33 மீட்டர் நீள வண்டி இந்த அளவில் 95 மி.மீ., அகலம் 45 மி.மீ., 1.75 மீட்டர் ஆள் 50 மி.மீ. இதற்கு 18 × 14 செ.மீ. பலகை போதும். 30 × 30 எடுத்தால் மிச்ச இடத்தை நிரப்பப் பீப்பாய், நாய், கிணறு என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும், பஞ்சர் காணாமல் போய்விடும். வண்டியைப் பலகையின் விளிம்புக்கு இணையாக வைத்தால் ஷோரூமில் நிற்பதுபோல் இருக்கும். 15 முதல் 20 டிகிரி திருப்புங்கள். பாதை விளிம்பைத் தாண்டியும் போகிறது என்று கண் நம்பும்.

இனி, காட்சியின் தர்க்கம். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வில்லிஸ் ஜீப்பின் ஸ்டெப்னி பின்பக்கம் வலதுபுறம் தொங்கும். சக்கரம் மாற்றும் காட்சியில் அது இன்னும் அங்கேயே தொங்கினால் இவர்கள் எதை மாட்டப் போகிறார்கள்? தாங்கி காலியாக இருக்க வேண்டும். கழற்றிய இடத்தில் பிரேக் டிரம்மும் ஐந்து போல்ட்டும் தெரிய வேண்டும். அந்த மூலை 1 முதல் 2 மி.மீ. தூக்கியிருக்க வேண்டும். சேற்றில் ஜாக்கி புதைந்துவிடும் என்பது எந்த டிரைவருக்கும் தெரியும். ஆகவே அடியில் 10 × 8 மி.மீ., 1.5 மி.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டு. மீதி மூன்று டயர்களும் எடை தாங்குகின்றன, அவற்றின் அடியை அரை மி.மீ. அளவுக்குத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். கழற்றிய டயர்மேல் எடை இல்லை; அதையும் அடியில் நசுக்கிக் காட்டினால் தப்பு.

தரைக்கு வருவோம். பலகையின் எல்லாப் பக்கமும், அடிப்பக்கம் உட்பட, முதலில் வார்னிஷ். இல்லாவிட்டால் ஈரக் கலவை பட்டதும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஊறி உப்பிவிடும், மரப்பலகை வளைந்துவிடும். மேடு பள்ளத்தைத் தெர்மாகோல் அல்லது அதைவிடக் கெட்டியான எக்ஸ்.பி.எஸ். ஃபோமில் செதுக்கி ஃபெவிகாலில் ஒட்டுங்கள். அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழிவிழும். தரைக்கான கலவை: மூன்று பங்கு சுவர்ப் புட்டித்தூள், ஒரு பங்கு டீ வடிகட்டியில் சலித்த மண், ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தது தேவையான அளவு, கூடவே பழுப்பு அக்ரிலிக் பெயின்ட். நிறத்தை இப்போதே கலக்காவிட்டால் பின்னால் ஓரம் பெயரும்போது உள்ளே வெள்ளையாகப் பல்லிளிக்கும். 3 மி.மீ.க்கு மேல் ஒரே பூச்சாகப் போடாதீர்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். தோட்டத்து மண் என்றால் வாணலியில் நன்றாக வறுத்தபின் சலியுங்கள். கடலோர ஊர்களில் வறுக்காத மண்ணில் பூஞ்சை வந்துவிடும்.

கலவை கொஞ்சம் இறுகியதும், முழுக்கக் காய்வதற்குள், ஈரப்படுத்திய ஒரு மாடல் சக்கரத்தை உருட்டித் தடம் போடுங்கள். ஜீப்பின் இரு தடங்களுக்கும் நடு இடைவெளி ஏறத்தாழ 35 மி.மீ. கண்ணளவில் போட்டால் வண்டியை வைக்கும்போது சக்கரம் தடத்தில் உட்காராது. சிப்பாய்களின் பூட்ஸையும் அப்போதே அழுத்திவிடுங்கள். வண்டியிலிருந்து இறங்கி டயர் வரை நடந்த தடம் இருந்தால், ஒரு நிமிடத்துக்கு முன் நடந்ததும் காட்சிக்குள் வந்துவிடும். வண்டியின் அடியில் அப்பும் சேறும் இதே கலவையாகவே இருக்கட்டும். தரை செம்மண், வண்டியில் ஒட்டியது சாம்பல் நிறம் என்றால், வேறு ஊரிலிருந்து வண்டியைத் தூக்கிவந்து வைத்ததுபோல் இருக்கும்.

தண்ணீர் தேங்குவது தடத்தின் பள்ளத்தில்தான். குட்டையை அங்கேயே போடுங்கள். தரை குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால், தண்ணீராகக் காட்ட ஊற்றும் எபாக்ஸி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கண்ணாடிபோல் இறுகுவது) மங்கிப்போகும். பள்ளத்தில் இரண்டு பூச்சு வார்னிஷ், இல்லாவிட்டால் ரெசின் மண்ணில் ஊறி எண்ணெய்க்கறை மாதிரி வளையம் விழும். கலவை விகிதத்தை டப்பாவில் சொன்னபடி அளந்து, குமிழி வராமல் மெதுவாகக் கிளறி, 2 மி.மீ. ஊற்றினால் போதும். விகிதம் தவறினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு சொட்டுப் பழுப்பு நிறம் சேர்க்க மறக்காதீர்கள். வண்டி போகும் பாதையில் தெளிந்த நீர் எங்கிருந்து வரும்?

அளவு விஷயத்தில் இயற்கைப் பொருள்கள் ஏமாற்றும். அரை மி.மீ. மணல் 1/35-இல் 17 மி.மீ. ஜல்லி. நவராத்திரிக் கொலுவில் பார்க் போடும்போது கேழ்வரகையோ கடுகையோ முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குவார்கள் அல்லவா, அந்த 4 செ.மீ. முளை இந்தச் சிப்பாய்களுக்கு 1.4 மீட்டர், நெஞ்சளவு புதர். கொலுவில் அது அழகு, அங்கே அளவை யாரும் கேட்பதில்லை. இங்கே 2 மி.மீ. ஸ்டாட்டிக் கிராஸ், அதாவது மாடலுக்கான செயற்கைப் புல் இழை, போதும். பாதையோர உயரப் புல்லுக்குச் சணல் இழையை 10 முதல் 15 மி.மீ. நீளத்தில் வெட்டி, 1 மி.மீ. துளையில் கொத்தாக நட்டால் நம்பும்படி இருக்கும்.

உருவங்களில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. மாடல் கிட்டில் (பாகங்களாக வரும் பெட்டியில்) வரும் சிப்பாய்கள் பலர் நேராக எங்கோ பார்த்தபடி நிற்பார்கள். தலையைக் கழுத்தில் அறுத்து, வேலை நடக்கும் சக்கரத்தைப் பார்க்கும்படி திருப்பி ஒட்டுங்கள். ஒருவன் மட்டும் பாதையின் மறுமுனையைப் பார்க்கட்டும்; போர்க்காலத்தில் இரண்டு பேரும் டயரையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். காலில் துளையிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பியைச் செருகித் தரையில் குத்துங்கள். பசை மட்டும் என்றால் பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி நின்றுவிடும்.

எல்லாம் ஒட்டி முடித்தபின் மேலிருந்து பார்க்காதீர்கள். போனை மேசையோடு சாய்த்து, சிப்பாயின் கண் உயரத்தில், பின்னால் ஒரு விளக்கை வைத்துப் படம் எடுங்கள். டயருக்கும் பூட்ஸுக்கும் அடியில் எங்கெல்லாம் வெளிச்சக்கோடு தெரிகிறதோ, அங்கெல்லாம் அதே மண்கலவையை மெல்லிய தூரிகையால் தொட்டு அடைத்துவிடுங்கள்.