நொய்யல் கரையில் விளைந்த செல்வம்

முதலாளித்துவம் செல்வத்தைப் பெருக்குகிறதா, ஏற்றத்தாழ்வை வளர்க்கிறதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவு திருப்பூருக்கே போகிறது. அங்கே இரண்டும் எங்கள் கண்முன் நடந்தன.

மழையை நம்பிய மேட்டுக்காட்டு விவசாயத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கடனுக்கு நூல் வாங்கி, பங்காளியையும் மைத்துனரையும் கூட்டாளியாக்கி, நான்கைந்து இயந்திரங்களோடு முதலாளியானவர்கள் இங்கே ஏராளம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிய பின்னலாடை ஏற்றுமதி அப்படி வளர்ந்ததுதான். அந்த உழைப்பையும் துணிவையும் நான் மனதார மதிக்கிறேன்.

என் அத்தை பல ஆண்டுகள் செக்கிங் பிரிவில் இருந்தார். குழல்விளக்கின் கீழ் நின்றபடியே ஒவ்வொரு பனியனையும் உள்ளும் புறமுமாகப் புரட்டி, பிசிறை வெட்டி, எண்ணெய்க்கறை பட்டதைத் தனியே போடுவார். “என் கையில காசு புழங்குனதே கம்பெனிக்குப் போன பொறகுதான், கண்ணு” என்பார். அது உண்மை. ஆனால் முதலாளி இரண்டாவது கட்டடம் எழுப்பிய பிறகும் அத்தை வாடகை வீட்டிலேயே இருந்தார் என்பதும் உண்மை. உருவான செல்வம் தானாகக் கீழே இறங்கி வருவதில்லை. விலைவாசி உயர்வை ஈடுகட்டும் பஞ்சப்படிக்காக 1984இல் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இதைவிட என்னை வருத்துவது, கம்பெனி வாசலையே மிதிக்காதவர்கள் கொடுத்த விலை. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், பனியன் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகளின் கழிவு தேங்கி, அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. ஆற்றோரம் இருந்த பெரியப்பாவின் தோப்பில் தென்னை ஓலைகள் நுனியிலிருந்து கருகின. ஒரு பனியனின் அடக்கவிலையில் நூலும் கூலியும் மின்கட்டணமும் இருந்தன. அந்தத் தோப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த இழப்பும் யாரோ ஒருவருக்கு இலாபமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். சிறு பட்டறைகள் பல மீளவே இல்லை, அது பெரிய இழப்பு. ஆனால் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகு, ஏற்றுமதி முன்பைவிடப் பெருகியது. அந்தச் செலவைத் தொழிலால் தாங்க முடிந்திருக்கிறது. அதுவரை அதைப் பெரியப்பாவைப் போன்றவர்கள் தாங்கினார்கள்.