மரணச் சாலையில் குண்டு போட்டது யார்?

நேற்று அக்கா மகன் ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாடிக்கொண்டிருந்தான். 2019இல் வந்த அமெரிக்க வீடியோ விளையாட்டு. மேட்டின் மேலிருந்து துப்பாக்கித் தொலைநோக்கி வழியே கீழே நெடுஞ்சாலையைக் குறிபார்க்கிறான். சாலை நெடுகக் கருகிய வண்டிகள். அந்தக் கட்டத்தின் பெயர் ‘ஹைவே ஆஃப் டெத்’. தப்பி ஓடியவர்களை ரஷ்யர்கள் குண்டு வீசிக் கொன்ற சாலையாம். நாடு உர்சிக்ஸ்தான், வெறும் கற்பனை.

எனக்குப் பகீரென்றது. அந்த ‘மரணச் சாலை’ என்ற பெயர் கற்பனை இல்லையே! 1991 பிப்ரவரி இறுதியில், வளைகுடாப் போரில், குவைத்திலிருந்து ஈராக்கின் பாஸ்ரா நகரை நோக்கிப் பின்வாங்கிய ஈராக்கிய வாகன வரிசையை, அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் முன்னும் பின்னும் மறித்துத் தாக்கின. கார், லாரி, பஸ் எல்லாம் எரிந்து கிடந்த படங்களை உலகமே பார்த்தது. செச்னியாவிலும் சிரியாவிலும் ரஷ்யா போட்ட குண்டுகளை நான் மறக்கவில்லை. அதைச் சொல்ல வேறு பெயரா கிடைக்கவில்லை? தன் கணக்கில் இருந்த பழியை எடுத்து அடுத்தவன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

“ரஷ்யர்கள் அவ்வளவு கொடியவர்களா, மாமா?” என்றான். விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு 1991 படங்களைத் தேடிக் காட்டினேன். சாலை முழுக்க இரும்புக்கூடுகளாக நின்ற வண்டிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.