ஏலகிரியில் ஐந்து நாள் மௌனம்: போவதும் இருப்பதும் திரும்புவதும்

பேசாமல் ஜெபிக்கும் ஐந்து நாள் ரிட்ரீட்டுக்கு, அதாவது தியானத்துக்கு, ஏலகிரி மலைக்குப் போகிறவர்களுக்கு இது. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஏலகிரிக்கு 900 ரூபாய் என்றார் ஒரு ஆட்டோக்காரர். கொடுக்காதீர்கள். திருப்பத்தூரிலிருந்து வரும் ஏலகிரி பஸ் பொன்னேரி கூட்டுரோட்டில் திரும்பித்தான் மலையேறுகிறது. அங்கே போய் நின்றால் போதும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் ஆகும், அந்த அவசரத்தைத்தான் காசாக்குகிறார்கள். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் கிளம்பினால் அவசரமே வராது. பேரம் பேசித் தோற்ற கோபத்தோடு மலையேறினால் முதல் நாள் ஜெபத்தில் அந்த 900 ரூபாய்தான் முன்னால் வந்து நிற்கும். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், பாவேந்தர், கம்பர் என்று புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். நம் சபைகளில் ரிட்ரீட் என்றால் கீபோர்டு, மைக், மூன்று பிரசங்கம், இடையில் பிரியாணி. அதுவும் வேண்டியதுதான், ஆனால் அது மௌனம் இல்லை. அடிவாரத்தில் ஓர் இடத்தில் ‘மௌன தியானம்’ என்று போர்டு வைத்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். சாப்பாட்டு மேஜையிலும் மௌனம் உண்டா? தனி அறை உண்டா? வழிகாட்டி தினமும் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பாரா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் போகாதீர்கள். பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே எழும்புவதை யாரிடமும் சொல்ல வழியில்லை என்றால் சிலருக்குப் பழைய துக்கம் எல்லாம் ஒரே நாளில் கிளம்பிவிடும். நாங்கள் தங்கிய இடத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 700 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. ஐந்து நாளுக்குக் கையில் இல்லையென்றால் மூன்று நாள் போங்கள். இரண்டு நாள் மட்டும் போவது வீண், காரணம் கீழே.

நாள் ஒழுங்கு இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி முறை. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த அந்தப் பயிற்சி முழுசாக 30 நாள். சுருக்கி எட்டு நாளாகவும் ஐந்து நாளாகவும் கொடுக்கிறார்கள். இது கத்தோலிக்க முறை என்றாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்களும் தயங்காமல் போகலாம், கையில் இருப்பது அதே வேதம்தான். தினம் நான்கு ஜெப வேளை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரு வேளைக்கு ஒரே பகுதி, ஏழெட்டு வசனத்துக்கு மேல் வேண்டாம். மணி முடிந்ததும் உடனே எழுந்து நடக்காமல் கால் மணி நேரம் நோட்டில் எழுத வேண்டும்: எந்தச் சொல் பிடித்து நிறுத்தியது, எங்கே மனம் வறண்டது. அடுத்த வேளையில் புது வசனத்துக்குத் தாவாமல் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். ஐந்து நாளில் நான்கு சுவிசேஷத்தையும் படித்து முடிக்கப் பார்க்கிறோம்.

போனை அலுவலக அறையில் கொடுத்துவிடுங்கள். ‘அலாரத்துக்கு மட்டும்’ என்று வைத்துக்கொண்டவர்கள் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். பழைய டைம்பீஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். தியான இல்லத்தின் நம்பரை வீட்டில் எழுதிவைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். முதல் நாள் தூக்கம் வரும், தூங்குங்கள். உடம்பின் பழைய கடன் அது. இரண்டாம் நாள்தான் கஷ்டம். எரிச்சல், சலிப்பு, எதிரே உட்கார்ந்தவர் டம்ளர் வைக்கும் சத்தத்தின் மேல்கூடக் கோபம். ஓயாமல் தீனி கேட்டுப் பழகிய மனம் பட்டினியில் முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் மட்டும் போகிறவர்கள் இந்த இடத்திலேயே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். வறட்சியில் எந்த முடிவையும் மாற்றாதே, ஜெப நேரத்தைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டியே உட்கார் என்று இஞ்ஞாசியார் சொல்வது இந்த இரண்டாம் நாளுக்குத்தான்.

மூன்றாம் நாள் மதியம் கேழ்வரகுக் களியும் மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னியும், கூடவே கீரைக் குழம்பு. அந்தச் சாப்பாட்டுக்காகவே இன்னொரு முறை போகலாம்! யாரும் பேசாத கூடத்தில் களி உருண்டையின் ஆவி மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரலால் கிள்ளி, நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை சுடும். மல்லாட்டையை யாரோ கொல்லையில் பறித்திருக்கிறார்கள், யாரோ உடைத்து வறுத்திருக்கிறார்கள். சமையற்கட்டு அம்மா பரிமாறிவிட்டு ஒரு கணம் நின்று தட்டைப் பார்த்தார், போதுமா என்று. எங்கள் மேஜையில் ஒருவர் கண் கலங்கியது அப்போதுதான். எம்மாவூர்ச் சீஷர்களும் அப்பம் பிட்கையில்தானே உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள்.

இறங்கி வரும்போது அரை நாள் மிச்சம் இருந்தால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பாருங்கள். 1921இல் ஜேசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊர் அவர்களைக் கூப்பிட்டது. ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில் நிற்கிறது. ஜெபமும் நோயாளியும் அங்கே வேறு வேறாக இருந்ததில்லை. மலைமேல் கற்றது கீழே எதற்கு என்று அந்த இடம் காட்டுகிறது.

ஊர் திரும்பிய மறுநாளே எல்லாம் கரைந்துவிடுகிறது என்று பலர் குறைபடுகிறார்கள். கரையும்தான், இரவில் கால் மணி நேரம் ஒதுக்காவிட்டால். வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் நின்றுகொண்டு ஐந்து நாள் மௌனத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்த பஸ்ஸில் நடந்ததை ராத்திரி திருப்பிப் பார்க்க முடியும். படுக்கும் முன் செய்யுங்கள், படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுவோம். முதலில் நன்றி, பொதுவாக இல்லாமல் ஒரே ஒரு காரியத்துக்கு: கிரீன் சர்க்கிள் நெரிசலில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பெண்ணுக்காக. அடுத்து, சரியாகப் பார்க்க வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து மணி மணியாக நாளை ஓட்டிப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எங்கே நெஞ்சு இளகியது, எங்கே இறுகியது? தவறைத் தேடும் வேலையாக இதை மாற்றிவிடாதீர்கள், ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். இறுகிய இடத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியாக நாளையைப் பார்ப்பது. ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையிலோ ஆபீஸிலோ யாரிடம் நம் குரல் உயரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு விளக்கை அணைக்கலாம்.