நாலரைக் கட்டையில் செத்துப்போன கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் சாகும்போது சுருதி பிடித்துக்கொண்டு சாகும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று தவில், பம்பை, கோரஸ் எல்லாம் நின்று ‘ங்ர்ர்ர்ர்’ என்று ஒரே ஒலி. மவுஸ் அசையாது. நாலைந்து விநாடியில் நீலத் திரை, சோகமுகம், தானாக ரீஸ்டார்ட்.

இருபது முறையாவது கேட்ட பிறகு, ஒரு நாள் எரிச்சலில் அந்த ஒலியை வாசிக்கிற கீபோர்டில் தேடினேன். நாலரைக் கட்டை, அதற்கு ஒரு மயிரிழை மேலே. ஏன் என்று யோசித்துக் கணக்குப் போட்டால் சரியாக வந்தது. கம்ப்யூட்டர் உறைந்ததும் சவுண்ட் கார்டு தன் கையில் கடைசியாக இருந்த துண்டையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் பஃபர். நான் வைத்திருந்த பஃபர் 256 சாம்பிள் (ஒலியின் ஒரு துளி), ரேட் விநாடிக்கு 48,000 சாம்பிள். வகுத்தால் விநாடிக்கு 187.5 தடவை. நாலரைக் கட்டை, அதாவது மேற்கத்திய இசையின் எஃப் ஷார்ப், விநாடிக்கு 185. பஃபரை 512 ஆக்கிப் பார்த்தேன், அடுத்த முறை ஒரு ஸ்தாயி கீழே இறங்கிச் செத்தது. கண்டுபிடித்ததில் சந்தோஷம்தான். பாட்டுதான் முடியவில்லை.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஸ்டுடியோ. மெத்தைக் கடையில் வாங்கிய ஃபோம், பழைய பாய், ஒரு மைக், 2019-இல் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர், 8 + 8 என்று 16 ஜிபி ரேம். கல்யாண வீடியோவுக்கு இசை, நாட்டியப் பள்ளிகளுக்கு டிராக், ஆடி மாதம் வந்தால் அம்மன் பாட்டு. ஆடியில் சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாரியம்மன் பண்டிகை. கோட்டை மாரியம்மனுக்குக் கம்பம் நட்டால் ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தீபாவளியே அதுதான். இந்தத் தடவை ஒரு கோயில் கமிட்டி ஐந்து பாட்டு கேட்டிருந்தது. பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டேன். முதல் பாட்டிலேயே நாலரைக் கட்டை.

முதலில் நான் பழி போட்டது பாட்டுப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் மேல். நியாயமான சந்தேகம்தானே? அதைத் திறந்தால் சாகிறது, திறக்காவிட்டால் நாள் முழுக்க டேலியும் யூடியூபும் ஜம்மென்று ஓடுகின்றன. அழித்து மறுபடி போட்டேன். பழைய பதிப்பைப் போட்டேன். அதோடு சேர்ந்து ஓடும் குட்டி புரோகிராம்களான பிளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். நான் பயன்படுத்தும் ரீப்பர் என்ற அந்த சாஃப்ட்வேரில் ஒரு நல்ல வசதி, ஒவ்வொரு பிளக்இன்னையும் தனித்தனி புராசஸாக ஓடவிடலாம். ஒன்று விழுந்தால் அது மட்டும் விழும், பாட்டு நிற்காது. அதையும் செய்தேன். பிளக்இன் எதுவும் விழவில்லை, கம்ப்யூட்டர்தான் விழுந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாதாரண புரோகிராம் ஒன்று எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் அது மட்டும் மூடிக்கொள்ளும், விண்டோஸ் அதற்கு மேல் அதை விடாது. மொத்தமும் நீலத் திரைக்குப் போகிறது என்றால் டிரைவர் (சவுண்ட் கார்டு போன்றவற்றை இயக்கும் புரோகிராம்) அல்லது கம்ப்யூட்டரின் உடம்பு. இதைப் படித்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் ஒரு வாரம் பிளக்இன் பின்னாலேயே சுற்றினேன். (நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த, காசு கொடுக்காத பிளக்இன் இரண்டு இருந்தன. பயத்தில் அவற்றையும் அழித்தேன். அது ஒரு நல்ல காரியம், இதற்குச் சம்பந்தமில்லாதது.)

டிரைவரை மாற்றினேன். பஃபரை 1024 வரை ஏற்றினேன். அப்போது கீபோர்டில் கை வைத்து இருபது மில்லி செகண்டுக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வரும், பாயசத்துக்குள் விரல் விட்ட மாதிரி. விண்டோஸையே புதிதாகப் போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போயிற்று. சரியாகவில்லை.

அப்புறம் அப்பா. முப்பது வருஷம் தறி ஓட்டியவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த மிஷின் நின்றாலும் காரணம் கரண்டு. “வோல்டேஜ் பாருடா. சாயங்காலம் எல்லாத் தறியும் ஓடுறப்ப என்ன வருதுன்னு பாரு.” மீட்டர் வைத்துப் பார்த்தேன், 190. நானும் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் சிவப்பு சிவப்பாக ‘கெர்னல் பவர் 41’ என்று வரிசை கட்டி நின்றது. பவர் என்ற வார்த்தையைக் கண்டதும் அப்பா சொன்னதுதான் சரி என்று ஐந்தாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு யூபிஎஸ் வாங்கி வந்தேன். வாங்கிய பிறகு படித்ததில் தெரிந்தது: 41 என்றால் ‘முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம், எதனால் என்று அது சொல்லாது. கரண்டு போய் நின்றால் நீலத் திரை காட்டவே நேரம் இருக்காதே! யூபிஎஸ் மாட்டிய அன்று ராத்திரியும் நாலரைக் கட்டை. அப்பாவிடம் சொன்னேன். “அப்ப யூபிஎஸ் சரியில்ல” என்றார்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் தங்க நிறக் கால்களைத் தேய்த்து, ஊதி மாட்டினான். மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் போனபோது முதலாளி மதர்போர்டு போய்விட்டது என்றார், திறந்துகூடப் பார்க்காமல். பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்றதால் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குள் அக்னி நட்சத்திரம். மாடியறையில் மத்தியானம் உட்கார முடியாது, கீபோர்டே சுடும். பிராசசர் சூடு 84 டிகிரி காட்டியது. ஆக, சூடுதான் என்று முடிவுக்கு வந்தேன். தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், தூசி ஊதினேன், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். 78 வரை இறங்கியது. செத்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கிறுக்கு யோசனை வந்தது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்குப் பார்க்கும் நண்பன் இருக்கிறான். பம்ப் சாமான் வாங்க ஜீப்பில் சேலம் வந்திருந்தான். “கம்ப்யூட்டரையே மேலே கொண்டு போய் ஓட்டிப் பார்த்தால்?” என்றேன். சிரிக்காமல் “ஏத்து” என்றான். கேபினெட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் பார்சல், தட்டுவடை தனி, சட்னி தனி, காய் தனி. சேர்த்துக் கட்டிக் கொண்டுபோனால் மலை ஏறுவதற்குள் நமத்துவிடும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த சினிமா ஸ்டுடியோ, இப்போது நிற்பது அந்த வளைவு மட்டும். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் முதலிலிருந்து. நான் நாற்பத்தாறு டிராக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முடிக்க முடியாமல் மலை ஏறிக்கொண்டிருந்தேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கேபினெட் ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய, உள்ளே ஏதோ ஒரு திருகு உருள்கிற சத்தம் பதினான்காவது வளைவிலிருந்து கேட்டது. இப்படிக் கொண்டு போகக்கூடாது. ஹீட் சிங்க் கழன்றிருந்தால் அதற்கு வேறு செலவு.

நண்பன் வீட்டு ஓட்டுக்கூரைக்குக் கீழே, ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வர, கம்ப்யூட்டரை டிவியில் சொருகினோம். நான் சால்வை போர்த்தியிருந்தேன். பிராசசர் 61 டிகிரி. வேறு ஊர், வேறு கரண்டு, வேறு குளிர். ப்ளே அழுத்தினேன். பதினோராவது நிமிஷம், டிவி ஸ்பீக்கரில், நாலரைக் கட்டை.

நண்பன் மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள். நான் ஒவ்வொரு சாவையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நீலத் திரையின் அடியில் வரும் வார்த்தையையும் எழுதியிருந்தேன், எழுதியதோடு சரி. அவள் கேட்டாள்: “மாமா, ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரா இருக்கே? இங்க மெமரி மேனேஜ்மென்ட், இங்க ஐஆர்க்யூஎல், இங்க பேஜ் ஃபால்ட். ஒரே இடத்துல தப்புன்னா ஒரே மாதிரிதான சாகணும்?”

நான் இரண்டு மாதமாக வைத்திருந்த நோட்டு. அவள் பார்த்தது இரண்டு நிமிஷம்.

ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்ப வரும். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரேம். அங்கே கெட்ட இடத்தில் இன்றைக்கு யார் வந்து உட்கார்கிறார்களோ அவர்கள் பெயரில் எஃப்ஐஆர். அன்று ராத்திரியே அவள் பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றிக் கொடுத்தாள். விண்டோஸ் இல்லாமல், பென்டிரைவிலிருந்தே எழுந்து ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும், 16 ஜிபிக்கு விடியும். விடிய வேண்டியிருக்கவில்லை. நாங்கள் தட்டுவடை சாப்பிட்டு முடிப்பதற்குள் திரையில் சிவப்பு வரிகள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ்) ரேம் வேகத்தைச் சாதாரணத்துக்கு இறக்கினோம், அப்போதும் சிவப்பு. இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்றைக் கழற்றினோம், சுத்தம். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கழற்றியதைப் போட்டோம், சிவப்பு. அதே குச்சி வேறு ஸ்லாட்டில், சிவப்பு. ரப்பர் வைத்துத் தேய்த்தோம், சிவப்புதான். மதர்போர்டு பிழைத்தது.

ஏன் பாட்டு போடும்போது மட்டும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் தவில், கோரஸ், வயலின் கூட்டம் எல்லாம் முன்பே பதிவு செய்து வைத்த ஒலிகள், பாட்டைத் திறந்ததும் ரேமுக்குள் வந்து உட்காரும். டாஸ்க் மேனேஜரில் அந்த அம்மன் பாட்டு 13 ஜிபியைத் தொடும். இரண்டு டிராக் பஜனைக்கு 3 ஜிபி. டேலியும் யூடியூபும் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்கள். பின்கட்டு வரை போகிறவன் இவன் ஒருவன்தான், அங்கே தரை உடைந்திருந்தது. இவன் போனதால் உடைந்தது என்று நான் இவனையே பிடித்து அடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பங்குனியில் உடுக்கை வாசித்த அண்ணனை ஒரே இடத்தை நாலு தடவை வாசிக்க வைத்தேன். டேக்கில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், மோதிரம் தட்டுகிறது என்று அவரை மோதிரம் கழற்றச் சொன்னேன். கெட்ட ரேம் வழியாகப் போகிற எதிலும் இப்படி ஒரு துளி கெட்டுப்போகலாம், சேமித்த ஃபைலிலேயே ஏறிவிடும். அது ரேமின் வேலையா மோதிரத்தின் வேலையா என்று இப்போது நிரூபிக்க முடியாது. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்க தம்பி, அந்த மோதிரம் அன்னிக்கே டைட்டாத்தான் இருந்துச்சு” என்றார்.

நல்ல குச்சி ஒன்றோடு, 8 ஜிபியில், டிராக்குகளை ஃப்ரீஸ் பண்ணிப் பண்ணி (வாசித்ததை ஆடியோவாக்கி ரேமைக் காலி செய்வது) முதல் பாட்டை முடித்தேன். வைகாசி கடைசியில் புதுக் குச்சி வாங்கி, கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட். நாலு சுற்று, பூஜ்யம். நாற்பத்தாறு டிராக்கும் ஓடுகிறது. பஃபர் 128.

யூபிஎஸ் வீண் செலவு என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள். விடிந்தால் அடைந்தால் ‘டக்கடக் டக்கடக்’, ஃபோமையும் பாயையும் தாண்டி மைக்கில் ஏறும். தறி நிற்பது கரண்டு போனால்தான். கரண்டு போனால் கம்ப்யூட்டரும் போய்விடும். போன வாரம் மத்தியானம் கரண்டு போனது, தெருவே அமைதி, யூபிஎஸ் பிடித்துக்கொண்டது. பாட வந்திருந்த பெண்ணை “உடனே பாடும்மா” என்றேன். பன்னிரண்டு நிமிஷம். அவ்வளவு சுத்தமான டேக் இந்த அறையில் நான் எடுத்ததே இல்லை. கேட்டுப் பார்த்தால், பல்லவி முழுக்கப் பத்து விநாடிக்கு ஒரு தடவை ‘பீப்’.

யூபிஎஸ்ஸின் பின்னால் அதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறதாம். அடுத்த கரண்டு கட்டுக்குக் காத்திருக்கிறோம்.