விக்கிரம சோழன் காலத்து ஆச்சி

குடும்பத்துப் பழைய படங்களையும் கதைகளையும் பத்திரப்படுத்த எந்த ஆப் நல்லது என்று எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா கேட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு பெயர் வந்து விழுந்தது. ஹூஸ்டனில் இருக்கும் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பெரிய பட்டியலே அனுப்பினான். அதில் எதையும் யாரும் இறக்கிப் பார்த்திருக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கேள்விக்குக் காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே ஸ்ரீவைகுண்டத்தில் ஆச்சி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 1992 வெள்ளத்தின்போது ட்ரங்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றத் தாத்தா இருந்தார். இந்த முறை பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே ஊறிவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படங்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. கலர் படங்கள்தான் போச்சு. 1996இல் நடந்த சின்ன அத்தை வளைகாப்பு ஆல்பத்தில், மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் முகங்கள் தாளோடு வந்தன. வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். கழுத்துக்கு மேலே மஞ்சள் தீற்றல், கழுத்துக்குக் கீழே பளிச்சென்று சேலை. ஆச்சி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது மேலத்தெரு மதினி, அரக்குல பச்சை பார்டர் அவ ஒருத்திதான் கட்டுவா. இது உன் பெரிய அத்தை. இது என் நாத்தனா, ஆனா சேலை என்னுது. இன்னும் திருப்பித் தரல." முகம் பார்த்து ஆளைப் பிரிக்கும் ஆப்புகள் உண்டு. பிறகு ஒன்றில் மிச்சப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா மூவரையும் மூக்கை வைத்து ஒரே ஆள் என்று அடுக்கிவிட்டது. சேலை பார்த்துப் பிரிக்கும் ஆப்பை இன்னும் யாரும் எழுதவில்லை.

ஒட்டிப்போன படங்களைச் சுத்தமான தண்ணீரில் போட்டுத் தானாகப் பிரியவிட்டு, நிழலில் காயவைத்து, பிழைத்ததையெல்லாம் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். சரி, இதை எங்கே வைப்பது?

பொதுவாக ஒரு கூகுள் கணக்கில் போட்டுவிடலாம் என்பது முதல் யோசனை. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அளவில்லாமல் படம் ஏற்றும் வசதி 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சித்தப்பாவின் 15 ஜிபியில் காலை வணக்கம் ரோஜாக்களும் முருகன் படங்களும் நிரம்பி வழிந்தன, தாத்தாவுக்கு இடமில்லை. காசு கட்டி வாங்கலாம், ஆனால் யார் பெயரில்? "சொத்தே இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள இது வேறயா?" என்று பெரியப்பா கேட்டதும் அந்த யோசனை நின்றது.

அடுத்து குடும்ப மரம் போடும் ஒரு தளம். பெயர் வேண்டாம். உள்ளே நுழையும்போதே குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. நமக்கு ஏது? அண்ணன், பெரியப்பாவுக்குத் தாத்தா பெயரைப் போட்டான். சித்தப்பாவோ ஊர்ப் பெயர்தான் முறை என்று தனக்கு ஸ்ரீவைகுண்டம் என்று போட்டுக்கொண்டார். கூடப் பிறந்த இருவரும் அந்தத் தளத்தின் கணக்கில் சம்பந்தமில்லாத இரண்டு குடும்பம் ஆனார்கள். சித்தப்பா கட்டியிருப்பது பெரிய அத்தை மகளைத்தான். அதனால் சித்திக்கு இரண்டு இடத்தில் பெட்டி விழ, இவரும் இவரும் ஒரே ஆளா, சேர்த்துவிடலாமா என்று தளம் கேட்டது. சேர்த்ததும் கிளை திரும்பி வந்து அடிமரத்திலேயே சொருகிக்கொண்டது. பெரிய அத்தை சித்தப்பாவுக்கு அக்காவாகவும் மாமியாராகவும் காட்சி தந்தார். உண்மைதானே, அதில் தளத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறந்த தேதியில்தான் வண்டி நின்றது. நெல்லைப் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் கொல்லம் ஆண்டு போடுவார்கள், கி.பி. 825இல் தொடங்கும் கணக்கு. ஆச்சி ஜாதகத்தில் 1121 ஐப்பசி என்று இருந்தது. ஹூஸ்டன் அண்ணன் யோசிக்கவே இல்லை, 1121 என்றே அடித்துவிட்டான். சோழ நாட்டை விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த வருஷம். தாய்க்கும் மூத்த மகனுக்கும் வயது வித்தியாசம் 844, சரிபார்க்கவும் என்று தளம் சிவப்பு எழுத்தில் கெஞ்சியது. போன் செய்து சொன்னேன். சரி என்று, ஜாதகத்தில் கூடவே இருந்த பார்த்திப வருஷத்தை இணையத்தில் தேடி, முதலில் வந்த 2005ஐப் போட்டான். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது ஹூஸ்டனில் மறந்துபோயிருக்கிறது. இப்போது மகன் பிறந்து நாற்பது வருஷம் கழித்துத் தாய் பிறந்திருந்தார்.

ஆச்சியிடம் விவரம் சொன்னேன். "முன்னாடி போட்டதே இருக்கட்டும் ட்டி. கொமரின்னு சொன்னா எவ நம்புவா?"

1945 என்று ஒருவழியாகத் திருத்தினோம். அப்பா தலைமுறைக்கு அந்தச் சிரமம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் புண்ணியத்தில் எல்லாருமே ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள்.

அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. போட்டதையெல்லாம் ஜெட்காம் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். 1984இல் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் உருவாக்கிய வடிவம் அது; வம்சாவளி மென்பொருள் பெரும்பாலும் எல்லாமே படிக்கும். எந்தக் கருவியானாலும் உள்ளே என்னென்ன வசதி என்பதைவிட, வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடியது, பிகாசா என்ற கூகுளின் பட ஆப் 2016இல் போனது. ட்ரங்குப் பெட்டிக்காவது பூட்டை உடைக்கலாம்.

வாரம் ஒரு கேள்வி மெயிலில் அனுப்பி, பெரியவர்கள் சொல்லும் பதிலை வருஷக் கடைசியில் கெட்டி அட்டைப் புத்தகமாக்கித் தரும் சேவைகள் அமெரிக்காவில் உண்டு. அண்ணன் அதில் ஒன்றுக்குப் பணமும் கட்டிவிட்டான். கேள்வியைத் தமிழில் ஆச்சிக்குச் சொல்லும் வேலை எனக்கு. உங்கள் முதல் கார் எது? "பஸ்ஸுன்னு போடு." சிறுவயதில் உங்கள் செல்லப்பிராணி? "எருமை ஒண்ணு நின்னுது. செல்லம் என்னத்த, என்னைக் கண்டாலே முட்ட வரும்." பதின்ம வயதில் பெற்றோரை எதிர்த்து என்ன செய்தீர்கள்? ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுத்திருந்தா உனக்குப் பதில் சொல்ல இன்னைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்." இந்த வேகத்தில் போனால் வருஷக் கடைசியில் புத்தகம் வராது, துண்டு நோட்டீஸ்தான் வரும்.

நடுவில் சித்தப்பா, பழைய படத்துக்கு உயிர் கொடுக்கும் ஆப் ஒன்றைக் கொண்டுவந்தார். தாத்தா கண் சிமிட்டினார், மெல்லத் தலையை ஆட்டினார். எங்களுக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆச்சி அசரவில்லை. "கம்மல் கேட்டப்போ இப்படி ஒருதரம் ஆட்டியிருக்கலாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேச்சை எழுத்தாக்கும் ஆப்பையும் விடவில்லை. "அவிய சொன்னாவ" என்று ஆச்சி தொடங்கினால் திரையில் "அவியல் சொன்னா வா" என்று வந்தது. தாத்தா வந்த இடத்திலெல்லாம் அவியல். அதை மூடிவைத்தோம்.

அப்புறம் வென்றது எது என்கிறீர்களா? அதே வாட்ஸ்அப்தான். மைக்கை அமுக்கிப் பிடித்தால் பேசலாம் என்று காட்டியதும் ஆச்சிக்குப் பிடித்துப்போனது. எழுத வேண்டாம், கேள்வி கிடையாது, கட்டாயக் கட்டமும் கிடையாது. சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் "ஆச்சி பேசுதேன்" என்று தொடங்கிவிடுவார். ஆண்ட்ராய்டு போனில் இந்தக் குரல்பதிவுகள் பிடிடி என்று தொடங்கும் பெயரில், தேதியோடு, ஓபஸ் என்ற வகை ஒலிக்கோப்புகளாகத் தனி ஃபோல்டரில் கிடக்கும். அவற்றை அங்கிருந்து எடுத்துப் பொருள் தெரியும்படி பெயர் மாற்றி வைப்பது என் பொறுப்பு. குழுவிலேயே விட்டால் போன் மாற்றும்போது போய்விடக்கூடும். படங்களுக்கும் ஒன்று: சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று புகைப்படக்காரர்களிடையே புழங்கும் ஒரு கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டோம். பாளையங்கோட்டையில் ஒரு ஹார்ட் டிஸ்க், என் லேப்டாப், மூன்றாவது ஹூஸ்டன் அண்ணனின் கணக்கு. "ஹூஸ்டன்லயும் 2017ல ஹார்வி புயல்னு வெள்ளம் வந்துச்சே" என்று சித்தப்பா இழுத்தார். ரெண்டு ஊரிலும் ஒரே நாளில் வராது என்று முடிவு செய்தோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆச்சி பித்தளை அண்டா கதைக்கு வரும்வரை. கல்யாணத்துக்கு இரவலாகக் கொடுத்த அண்டாவைப் பெரிய அத்தை இன்னும் திருப்பித் தரவில்லை என்று பதினோரு நிமிஷம், சாட்சிகளின் பெயரோடு. குழுவில் பெரிய அத்தையும் இருக்கிறார். எல்லாருக்கும் நீல டிக் விழுந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிய சித்தப்பா குழுவை மியூட்டில் போட்டுவிட்டார்.

அத்தை எனக்குத் தனியாகப் போன் செய்தார். "அதை மட்டும் அழிச்சிரு ட்டி." அனுப்பியவர் எல்லாருக்குமாகச் சேர்த்து அழிக்க வாட்ஸ்அப் தரும் அவகாசம் இரண்டு நாளும் சொச்சமும்தான், அது தாண்டிவிட்டது என்றேன். மூன்று பிரதி எடுத்தாகிவிட்டது, ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அம்மா எத்தன நிமிஷம் பேசியிருக்கா?"

"பதினொண்ணு அத்தே."

"எனக்கு இருபது வேணும். ஞாயித்துக்கிழமை வாரேன். அண்டாவையும் கொண்டாரேன், நல்லாப் போட்டோ புடி. கழுத்துல யார் பேரு வெட்டியிருக்குன்னு ஹூஸ்டன் வரைக்கும் தெரியட்டும்."