மாடி அறையில் ராக்

பாளையங்கோட்டையில் ஒருவன் வீட்டிலேயே ராக் பாட்டு பதிவு செய்கிறான் என்றால், "அது கெடக்கட்டும், சோலி என்ன பாக்க?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். சில வருடங்கள் எனக்கு அதுதான் சோலி. லேப்டாப், கிட்டார், மைக் சத்தத்தை லேப்டாப்புக்குள் ஏற்றும் சின்ன ஆடியோ இன்டர்பேஸ் பெட்டி, எலெக்ட்ரிக் கிட்டார், கண்டென்சர் மைக். மாடி அறைக்குள் மொத்த ஸ்டுடியோவும் அடங்கிவிட்டது.

தொடங்கியது 2012 மின்வெட்டுக் காலத்தில். சென்னையைத் தாண்டினால் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிதானே, தந்தியின் அதிர்வோடு அறையில் உள்ள மின் இரைச்சலையும் சேர்த்தே இழுக்கும். கரண்ட் இருந்தால் 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பழைய இன்வெர்ட்டரில் ஓடினால் அதுவே கரகரப்பு. அப்புறம் வழி பிடிபட்டது: இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு லேப்டாப் பேட்டரியில் மட்டும் பதிவு செய்வது. யூ.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட்டை இன்டர்பேஸே கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 ஆக ஏற்றிக் கொடுத்துவிடும். ஊரே சபித்த பவர்கட், எனக்கு மட்டும் சுத்தமான சத்தத்தைத் தந்தது. ஃபேன் ஓடாததால் சித்திரை வெயிலில் கை வியர்த்து, தந்தி மீட்டும் பிக் வழுக்கும், அது வேறு.

டிரம்ஸை லேப்டாப் திரையில் மவுஸால் கட்டம் கட்டமாக வைத்தேன். பேஸ் கிட்டாரும் நானே, பாட்டும் நானே. கல்லூரியில் சேர்ந்து வாசித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுப் பதிவைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை: "இந்த எடம் இழுக்கு, வெட்டுல" என்று சொல்ல எதிரே ஒரு டிரம்மர் வேண்டும். ராக் இசையில் பாதி அந்தச் சண்டைதான். தனியாக உட்கார்ந்தால் எந்தப் பாட்டும் முடியாது, சத்தங்களை அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங் மாதக்கணக்கில் ஓடும். இணையத்தில் ஏற்றியதில் வந்த காசு தந்தி வாங்கக்கூடக் காணாது.

சோறு போட்டது மைக்செட் அண்ணாச்சி. தெருவில் அம்மன் கோயில் கொடை விழா. வில்லுப்பாட்டு தொடங்கும் முன் என் பாட்டைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். பேஸைக் காணோம், டிரம்ஸின் அடியைக் காணோம், கிட்டாரின் கரகர டிஸ்டார்ஷன் மட்டும் ரம்பம் அறுப்பதுபோல் தெரு முழுக்க. குழாய் ஸ்பீக்கரில் கனத்த சத்தம் வராது, குரல் எடுபடும் நடுப்பகுதிதான் அதற்குத் தெரியும். ஹெட்போனில் நான் பார்த்துப் பார்த்து மெழுகியதெல்லாம் அங்கே செல்லாக்காசு.

"பாட்ட விடுங்க தம்பி, குரல் நல்லா பதிஞ்சிருக்கு. ஆட்டோ விளம்பரம் பேசித் தாரீயளா?"

ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பள்ளிக்கூட அட்மிஷன், கண் சிகிச்சை முகாம் என்று வந்தது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை முழுக்க வெட்டி, குரலை முன்னால் தள்ளி, ஆட்டோ என்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி கொடுப்பேன். மாலையில் பேசினால் காலையில் ரொக்கம். பாட்டுகள் அரைகுறையாக ஹார்ட் டிஸ்க்கில் தங்கின. அதில் பெரிய வருத்தமும் இல்லை.

ஒரு பாத்திரக்கடை விளம்பரத்துக்கு அண்ணாச்சியே கேட்டார்: "முன்னால அந்தக் கரகர கிட்டார அஞ்சு செகண்டு போடுங்க. என்ன எழவுன்னு ஆளு திரும்பிப் பாப்பான், டக்குனு விலையச் சொல்லிரலாம்." போட்டேன். வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், ஜங்ஷன் என்று ஆட்டோ சுற்றியது. என் கிட்டாரை அத்தனை பேர் கேட்டது அப்போதுதான். கடைக்காரர் அந்த அஞ்சு செகண்டுக்குத் தனியாகக் காசு தர மாட்டேன் என்றுவிட்டார்.